இரவல் தாளம்

சென்னியப்பனின் இதயம் அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்தி இரண்டு வாரம் ஆகியிருந்தது. கோபம் வந்தால் அது வேகம் எடுப்பதில்லை. பயம் வந்தால் அடித்துக்கொள்வதில்லை. இடுப்பு உயரத் தடுப்புக்கு அந்தப் பக்கம், இன்னொரு கட்டிலில் உட்கார்ந்து சுண்டல் கொறித்துக்கொண்டிருந்த கோகிலவாணி என்ற பெண்ணின் இதயம் எப்படி நடந்ததோ, இவருடையதும் அப்படியே நடந்தது.

கோயமுத்தூரில் பம்புசெட் உடல் வார்க்கும் பவுண்டரி வைத்திருப்பவர் அவர். முப்பது வருடமாக ஆட்களை அதட்டியே வேலை வாங்கியவர். நெஞ்சு வலித்தபோது வாயு என்று முடிவு கட்டி, ஓமவாட்டர் குடித்து, ஒரு ஏப்பம் வந்ததும் குணமாகிவிட்டதாக அறிவித்துவிட்டு, இரண்டு நாள் உலைக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தார். மூன்றாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்துக் கீழே சரிந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது அட்டாக் வந்து போய், அது செய்ய வேண்டிய நாசத்தையும் செய்து முடித்திருந்தது.

டாக்டர் பெனசீர் அவருக்குப் படம் போட்டே காட்டினார். நாற்பது வயதுக்காரர், சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

"இதயத்துல கீழ் ரெண்டு அறைக்கும் நடுவுல ஒரு சுவர் இருக்கு சார். அதுல ஒரு பகுதி ரத்தம் கிடைக்காம செத்துப்போச்சு. செத்த இடம் நைஞ்சு ஓட்டை விழுந்திருச்சு."

"ஓட்டைனா தச்சுப்போடலாமுங்களே."

"ஊறின அப்பளத்துல தையல் போட்டா நிக்குமா? அந்த மாதிரி இருக்கு இப்ப. முன்னாடியெல்லாம் அது கொஞ்சம் இறுகட்டும்னு காத்திருப்பாங்க. இறுகற வரைக்கும் ஆள் இருக்கணுமே."

சென்னியப்பனுக்கு இது புரிந்தது. வார்ப்பில் ஓட்டை விழுந்தால் பற்றவைத்து அடைக்கலாம், ஆனால் ஓரத்தில் நல்ல இரும்பு இருக்க வேண்டும். ஓரமே பொடிந்தால் எந்த வெல்டரும் கையை விரித்துவிடுவான். அதை அவர் சொன்னதும் டாக்டர் தலையாட்டினார்.

நெஞ்சைத் திறக்காமலே அடைத்தார்கள். தொடை ரத்தநாளத்தில் ஒரு சிறு துளை, அதன் வழியாக மெல்லிய குழாய், குழாய்க்குள் மடக்கிய ஒரு குடை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குடை விரியும், இந்தப் பக்கம் ஒன்று விரியும், நடுவில் ஓட்டை மூடிக்கொள்ளும். பழைய காலத்துக் குடை வெறும் கம்பி. இது உயிருள்ள வலை. மெல்ல மெல்லச் சுவரோடு சேர்ந்து வளர்ந்து சுவராகவே ஆகிவிடும். அதற்கு மூன்று வாரம் ஆகும். அந்த மூன்று வாரமும் இதயம் துள்ளக் கூடாது, துவளவும் கூடாது. ஆனால் அடிபட்ட இதயம் தன் இஷ்டத்துக்குத் துள்ளும். அதனால் அதை வேறொன்றின் சொல்படி நடக்க வைக்க வேண்டியிருந்தது.

மெஷினை வைத்துத் தட்ட வைக்கலாமே என்று சென்னியப்பன் கேட்டார். செய்து பார்த்தார்களாம். மெஷின் ஒரே மாதிரி தட்டும், ஒரே அடி ஒரே இடத்தில் விழுந்து புதுச் சதை விரிசல் விடும். நல்ல இதயம் ஒன்றின் துடிப்பைப் பதிவு செய்து போட்டும் பார்த்தார்கள். அது இவர் இருமுவதையும் புரளுவதையும் அறியாது. கடைசியில் உயிரோடிருக்கும் ஆள் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று முடிவானது. அந்த ஆளின் நெஞ்சில் ஒரு பட்டை, நோயாளியின் தோலுக்கு அடியில் ஒரு வில்லை, இரண்டுக்கும் நடுவே தோசைக்கல் அளவில் ஒரு பெட்டி. நோயாளிக்கு அழுத்தம் ஏறினால் பட்டை லேசாக இறுகும். அந்த ஆள் மூச்சை நிதானித்தால் இங்கே இறங்கும். ஆஸ்பத்திரிப் பேச்சில் அவர்களுக்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது. வார்டில் எல்லோரும் தாளக்காரர் என்றார்கள்.

முதலில் மனைவி சுலோச்சனாவைத்தான் சோதித்தார்கள். பட்டையைக் கட்டிக் கணவர் முன்னால் உட்கார வைத்ததும் கிராஃப் எகிறியது. பயத்தினால் என்று நர்ஸ் சமாதானம் சொன்னாள். "பயமெல்லாம் இல்ல கண்ணு, இவரப் பாத்தாலே எனக்கு அப்பிடித்தான்" என்றாள் சுலோச்சனா. முப்பத்தைந்து வருடத் தாம்பத்தியம் ஒரு காகிதத்தில் கோடாக வந்து விழுந்தது பற்றி அவளுக்கு வெட்கமே இல்லை.

கோகிலவாணி தேர்வானது வேறு விதம். சோதனையின்போது அவளுக்குப் பின்னால் பலூன் வெடித்தார்கள், ஒரு ஆளை விட்டுத் திட்டச் சொன்னார்கள். கோடு அசையவில்லை. காங்கேயம் பக்கத்துக்காரி, ஒன்பது வருடம் டோல்கேட் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தவள். காரில் வருகிறவன் எல்லாம் அவள்தான் ரோடு போட்டாள் என்பது போலத் திட்டிவிட்டுப் போவானாம்.

"கோவமே வராதா அம்மிணி உனக்கு?" என்று ஒருநாள் தடுப்புக்கு மேலாக எட்டிக் கேட்டார்.

"வருமுங்க அய்யா. வந்துச்சுன்னா முன்னாடி நிக்கற வண்டியோட நம்பரத் திருப்பிப் படிப்பேனுங்க. கடைசி எண்ணுல இருந்து முன்னாடி. படிச்சு முடிக்கறதுக்குள்ள அடங்கிப் போயிருமுங்க."

"எல்லா வண்டிக்குமா?"

"திட்டுறவன் வண்டிக்கு மட்டும்."

சிரித்தார். சிரிப்பு வாயில் வந்ததே தவிர நெஞ்சில் ஒரு துள்ளலும் இல்லை. அதுவும் பழகிப்போனது.

பழகாதது உறவுக்காரர்கள்தான். நெஞ்சுவலிக்காரனிடம் கெட்ட செய்தி சொல்லக் கூடாது என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம். இழவு, விவாகரத்து, பரீட்சையில் தோற்றது எல்லாவற்றையும் மறைத்து, ஆப்பிளோடு வந்து ‘மொகம் தெளிச்சியா இருக்கு’ என்று பொய் சொல்லிவிட்டுப் போவார்கள். சென்னியப்பனுக்கு எதைச் சொன்னாலும் இதயம் அசையாது என்ற விவரம் சொந்தத்துக்குள் பரவியதும் அந்தச் சட்டம் தலைகீழானது. வருடக்கணக்கில் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் கொண்டுவந்து கொட்டினார்கள். தங்கை மகன் போன வருடமே மனைவியைப் பிரிந்துவிட்டானாம். பவுண்டரிப் புகை பற்றிப் பெயர் போடாமல் மனுக் கொடுத்தது தான்தான் என்று சித்தப்பா மகன் ஒப்புக்கொண்டு, கையைப் பிடித்துக்கொண்டு, நிம்மதியாகக் காபி குடித்துவிட்டுப் போனான். சென்னியப்பனுக்கு அவனைச் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது. இதயம் கோகிலாவோடு சேர்ந்து குறுக்கெழுத்துப் போட்டிக் கட்டம் நிரப்பிக்கொண்டிருந்தது.

கெட்ட செய்தியை மறைக்கும் பழக்கம் அழிந்துவிடவில்லை. தடுப்பைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டது. கோகிலாவிடம் போன் கிடையாது, டிவியில் செய்தி கிடையாது, பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி விசாரித்துத்தான் விடுவார்கள். அவள் நெஞ்சு இப்போது அவளுடையது மட்டும் இல்லை. அவளும் அதற்குச் சம்மதித்துத்தான் வந்திருந்தாள்.

மூன்றாவது வாரம் தொடங்கி இரண்டு நாள் இருக்கும். காலையில் கோகிலா குளிக்கப் போன நேரம் பார்த்துச் சுலோச்சனா நாற்காலியை இழுத்து ஒட்டிப் போட்டாள்.

"ஒரு சமாச்சாரமுங்க. உங்ககிட்டச் சொல்லாம இருக்கலாம்னுதான் பாத்தேன். ஆனா நீங்க தெனமும் அவகிட்ட உங்கம்மா எப்பிடியிருக்காங்கன்னு கேப்பீங்க. இன்னிக்குக் கேட்டுத் தொலச்சிராதீங்க."

"ஏம்புள்ள?"

"அந்தம்மா விடியக்காலம் தவறிருச்சாமா. தூக்கத்துலயே. கோகிலாவோட தம்பி வாசல் கேட்டுல வந்து நிக்கறான். ஆஸ்பத்திரிக்காரங்களும் நானும் பேசினோம். பாவம், தங்கமான பையன், அக்காளுக்குச் சொல்ல வேண்டாம், வேலைய முடிச்சுட்டு வரட்டும்னு அவனே சொல்லிட்டான். சாயங்காலம் எடுத்தர்றாங்க."

சென்னியப்பன் மேலே மின்விசிறியைப் பார்த்தார். ஒரு பெண்ணின் தாய் செத்துப்போனாள், அந்தப் பெண் உள்ளே தண்ணீர் ஊற்றிக் குளித்துக்கொண்டிருக்கிறாள், அதைத் தெரிந்துகொண்ட தன் நெஞ்சு கடைவீதியில் காலாற நடப்பது போல நடக்கிறது. கையை நெஞ்சில் வைத்துப் பார்த்தார். அதிர்ச்சி இருந்தது, வெட்கமும் இருந்தது. இரண்டும் தலைக்குள் மட்டும் இருந்தன. கழுத்துக்குக் கீழே சேதி போகவே இல்லை. அவருக்குத் தன்னைக் கண்டே அருவருப்பாக இருந்தது.

"வாய்க்கரிசி போடறதுக்குக்கூட விடமாட்டீங்களா அவள?"

"ஏனுங்க, எனக்கு மட்டும் ஆசையா? இன்னும் அஞ்சே நாளு. அதுக்குள்ள அவ நெஞ்சு துடிச்சா உங்க நெஞ்சு பிஞ்சுரும்னு அந்த டாக்டரம்மாவே சொல்லுது. எனக்கு உங்க உசுருதான் பெருசு. நான் நல்லவள்னு பேரெடுக்க வரல."

குளியலறைக் கதவு திறந்தது. சுலோச்சனா பிளாஸ்க்கைத் திறந்து காபியை ஆற்ற ஆரம்பித்தாள். கோகிலா ஈரத்தலையில் துண்டோடு வந்து பட்டையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் நல்ல உற்சாகத்தில் இருந்தாள். கேட்காமலே பேசினாள்.

"அடுத்த வாரம் அம்மாவக் கூட்டிட்டு வந்து உங்களுக்குக் காட்டோணுமுங்க அய்யா. யாரோ ஒரு பெரியவரு என் நெஞ்சுல தொத்திக்கிட்டு இருக்கறாருன்னு சொல்லிட்டு வந்திருக்கறேன். அதுக்கு எங்கம்மா, பாத்து மெதுவா நடடி, அவரு விழுந்துருவாருன்னு சொல்லுது."

சென்னியப்பன் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். சுலோச்சனா ஆற்றிய காபியை மறுபடி ஆற்றினாள்.

டாக்டர் ரவுண்டு வந்தபோது சென்னியப்பன் எல்லோரையும் வெளியே அனுப்பச் சொன்னார். கோகிலாவை மட்டும் அனுப்ப முடியாது, அதனால் அவள் காதில் பாட்டுக்கருவியை மாட்டிவிட்டார்கள். டாக்டருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. காலையிலிருந்து அவரும் சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"சொன்னா என்ன ஆகும்?"

"அவங்க துடிப்பு எகிறும். உங்களுதும் எகிறும். குடையோட ஓரம் முக்கால்வாசி பிடிச்சிருக்கு, மீதி இன்னும் ஈரம். பிய்யலாம், பிய்யாமலும் போகலாம். என்னால உறுதி சொல்ல முடியாது."

"பிஞ்சா?"

"மறுபடி உள்ள போய் அடைக்கப் பாப்பேன். ஆனா அதுக்கு நேரம் கிடைக்கணும்."

"வேற ஆளப் போட்டுட்டு அவள அனுப்பிட்டா?"

"புது ஆளோட துடிப்பு உங்க வலைக்குப் பிடிபட ஒரு நாள் ஆகும். அந்த ஒரு நாள் இதைவிட மோசம்." டாக்டர் துடிப்பைக் காட்டும் திரையைப் பார்த்தார். "சார், நான் டாக்டர். சொல்லாதீங்கன்னுதான் சொல்லணும், சொல்லிட்டேன். ஆனா காலையில இருந்து ஒண்ணு உறுத்துது. அவங்க துடிப்பைக் கொடுக்கறேன்னு சம்மதிச்சாங்க. போன் வேண்டாம், செய்தி வேண்டாம்னதுக்கும் சரின்னாங்க. ஆனா பெத்த தாய் போனதை மறைக்கறதுக்குச் சம்மதம் யாரும் கேக்கல. உயிர் உங்களுது. சேதி உங்களுது இல்ல."

அவர் போன பிறகு சென்னியப்பன் யோசித்தார். பெரிய தர்மவான் இல்லை அவர். பவுண்டரியில் ஒருவன் கை நசுங்கியபோது முதலில் அச்சு உடைந்ததா என்று பார்த்தவர்தான். சாகப் பயமாகவும் இருந்தது. ஆனால் அந்தப் பயம் நெஞ்சை அடிக்காததால் அதை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துப் பார்க்க முடிந்தது. இன்னும் ஐந்து நாள் வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தால் பிழைத்துவிடலாம். பிழைத்து எழுந்த பிறகு இந்தப் பெண் தன் முகத்தைப் பார்த்து ‘உங்களுக்குத் தெரியுமுங்களா?’ என்று ஒரு வார்த்தை கேட்பாள். அப்போது இதயம் சொந்த இதயமாக இருக்கும். அதற்கு என்ன பதில் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

சுலோச்சனாவை அழைத்துச் சொல்லப்போகிறேன் என்றார். அவள் கத்தவில்லை. எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள். திரும்பிப் பார்க்காமலே, எப்பவும் போல உங்க இஷ்டத்துக்கே ஆடுங்க என்றாள்.

டாக்டர் வந்து கோகிலாவின் காதிலிருந்த பாட்டுக்கருவியைக் கழற்றிவிட்டு, பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். சென்னியப்பன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, தன்னால் முடிந்த மிருதுவான குரலில் ஆரம்பித்தார்.

"அம்மிணி, ஒருக்கா ஊருக்குப் போயிட்டு வந்தரலாமா? உங்கம்மாவுக்குக் கொஞ்சம் முடியலையாமா."

பதமாகச் சொல்லிவிட்டதாக நினைத்தார். அவர் செய்த பிழை அதுதான். ‘கொஞ்சம் முடியலை, ஒருக்கா வந்து பாத்துட்டுப் போ’ என்றால் என்ன அர்த்தம் என்று நம் பக்கத்தில் பஸ் ஏறத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். உண்மையாகவே முடியாமல் இருந்தால் யாரும் அந்தக் குரலில் சொல்வதில்லை.

கோகிலாவின் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது.

சென்னியப்பனின் நெஞ்சில் ஒரு துடிப்பு வராமல் போனது. அடுத்தது உலைச் சம்மட்டி போல விழுந்தது. அதன் பின்னால் இன்னொன்று, இன்னொன்று. திரை கூவியது. விலா எலும்புக்கு அடியில் சூட்டுக்கம்பி நுழைந்தது போல ஒரு வலி. இரண்டு வாரம் கழித்து அவர் இதயம் ஓடியது, அது அவளுடைய ஓட்டம். டாக்டரின் கை பெட்டியின் மேல் இருந்தது. ஜன்னலோரம் நின்றவள் ஓடிவந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டாள்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் கோகிலாவின் பட்டை இறுகியிருக்க வேண்டும். அவள் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டாள். கண் ஜன்னலுக்கு வெளியே ஆஸ்பத்திரி வாசலில் நின்ற வண்டிகளின் மேல் போனது. உதடு அசைந்தது. நீளமாக ஒரு மூச்சை இழுத்து, அதைவிட நீளமாக விட்டாள். மறுபடி இழுத்தாள். திரையின் கூவல் தேய்ந்து, விட்டு விட்டு ஒலித்து, நின்றது. டாக்டர் ஓரத்தை ஸ்கேன் செய்து பார்த்து, தாங்கியிருக்கிறது என்றார்.

"எப்பங்க?" என்று கோகிலா கேட்டாள்.

"விடியக்காலம்."

"எடுத்துட்டாங்களா?"

"இல்ல. சாயங்காலம்."

பிறகு கோகிலா, குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல், "நான் போனா நீங்க என்னுங்க பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"நானும் வாரேன்," என்றார் சென்னியப்பன்.

டாக்டர் முடியவே முடியாது என்றார். இருவரும் பிரியக் கூடாது என்றுதானே உங்கள் விதி, எங்கே இருக்க வேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறதா என்று சென்னியப்பன் பவுண்டரிக் குரலில் கேட்டார். டாக்டர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுத் தானும் ஏறிக்கொண்டார்.

காங்கேயத்தைத் தாண்டி ஒரு மண்பாதையில் திரும்பி ஆம்புலன்ஸ் பந்தல் வாசலுக்கு வந்தபோது ஊரே எழுந்து நின்றது. இழவு வீட்டுக்கு ஆம்புலன்ஸ் வந்து பிணத்தை இறக்கிப் பார்த்திருக்கிறார்கள். உயிரோடிருக்கும் ஆளை உள்ளேயே வைத்துக்கொண்டு நின்ற ஆம்புலன்ஸை யாரும் பார்த்ததில்லை. பெட்டி எட்டும் தூரம் முப்பது அடிதான். அதனால் பந்தல் காலை ஒட்டி நிறுத்தி, பின்கதவைத் திறந்து வைத்தார்கள். சென்னியப்பன் படுத்தவாக்கில் தலையைத் தூக்கினால் எல்லாம் தெரிந்தது.

கோகிலா இறங்கி நடந்தாள். தாயின் தலைமாட்டில் இருந்த பெண்கள் அவளைப் பார்த்ததும் குரலெடுத்து, எழுந்து வந்து கட்டிக்கொண்டார்கள். ஊர் வழக்கப்படி இனி அவள் விழுந்து புரண்டு அழ வேண்டும். அவள் தாயின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். நெற்றியிலிருந்த காசைச் சரியாக வைத்தாள். பிறகு பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பந்தலுக்கு வெளியே, ஆம்புலன்ஸின் பின்பக்கத்தையே பார்க்க ஆரம்பித்தாள். உதடு மட்டும் அசைந்தது.

ஆம்புலன்ஸுக்குள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் எழுபத்தி நாலு என்றார். கொஞ்சம் கழித்து எழுபத்தி ரெண்டு என்றார்.

"பெத்தவ கெடக்கறா, ஒரு சொட்டுத் தண்ணி வருதா பாரு," என்று ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது சென்னியப்பன் காதில் விழுந்தது.

"வண்டியவே பாக்கறா. எப்படா கெளம்பலாம்னு இருக்கும்."

"டவுன்ல வேல பாத்து நெஞ்சு கல்லாப்போச்சு."

சென்னியப்பனுக்கு எழுந்துபோய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அவள் வண்டியைப் பார்க்கவில்லை, வண்டி நம்பரைத் திருப்பிப் படித்துக்கொண்டிருக்கிறாள், தன் தாய்க்கு அழ வேண்டிய நெஞ்சில் ஒரு அந்நியக் கிழவனைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். எழ முடியவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்து காதுக்குள் போனது. இதயம் எழுபத்தி ரெண்டில் நடந்துகொண்டிருந்தது. அழுகிற மனுஷனுக்குத் துணைக்கு அழாத இதயம் எவ்வளவு பெரிய தண்டனை என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

சுலோச்சனா அந்தப் பெண்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வரும் வழியெல்லாம் யாரோடும் பேசாமல் வந்தவள், முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு ஆம்புலன்ஸிலிருந்து இறங்கினாள்.

"எங்க போற?"

"அவ அழுகக் கூடாது. நான் அழுகலாமல்ல."

நேராகப் பந்தலுக்குள் போனாள். கோகிலாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தலையைத் தன் தோளில் சாய்த்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முன்பின் பார்த்திராத அந்தத் தாயைப் பார்த்து, ‘என்னப் பெத்த தாயே’ என்று குரலெடுத்தாள். தன் தாய்க்குக்கூட அவள் அப்படி அழுததாகச் சென்னியப்பனுக்கு நினைவில்லை. பந்தலில் இருந்தவர்கள் யாரிவள் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பக்கத்திலிருந்தவள் சேர்ந்து அழுதாள், அப்புறம் எல்லோரும். அவ்வளவு சத்தத்துக்கு நடுவே கோகிலா மட்டும் அந்தத் தோளில் சாய்ந்து வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாய்க்கரிசி போடும்போது மட்டும் திரையில் எண்பது வந்தது. டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். தானாக இறங்கியது. பொழுது இறங்குவதற்குள் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அன்றிரவே ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார்கள். கோகிலா சுண்டல் சாப்பிட்டாள், கட்டம் நிரப்பினாள். சுலோச்சனா இரண்டு சாப்பாடு கட்டிக் கொண்டுவந்தாள், முதலில் தடுப்புக்கு அந்தப் பக்கம்தான் பரிமாறினாள். உறவுக்காரர் ஒருவர் மிச்சமிருந்த கெட்ட செய்தியோடு வந்தபோது, சென்னியப்பன் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார்.

கடைசி நாள் காலையில் டாக்டர் பெனசீர் வந்து ஸ்கேனை இரண்டு முறை பார்த்தார். குடை இருந்த இடம் தெரியவில்லை, சுவர் சுவராக இருந்தது. பெட்டியை அணைத்தார். சென்னியப்பனின் இதயம் ஒரு கணம் தடுமாறி, பழைய வழி ஞாபகம் வந்ததுபோலத் தானாக நடக்க ஆரம்பித்தது. கோகிலாவின் பட்டையையும் கழற்றித் தட்டில் வைத்தார்கள். அது இருந்த இடத்தில் அவள் தோல் வெளுத்திருந்தது.

"இனி எனக்கு எகிறுனா அய்யாவுக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?"

"ஒண்ணும் ஆகாதும்மா."

"நல்லாப் பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன். ரெண்டு தடவை."

கோகிலா தலையாட்டினாள். தலையணை உறையைக் கழற்றி மடித்தாள், சுண்டல் டப்பாவைப் பைக்குள் வைத்தாள். பையின் ஜிப்பைப் பாதி இழுத்தவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள். முதலில் சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. பிறகு அடிவயிற்றிலிருந்து ‘அம்மா’ என்று ஒரு குரல் வந்தது. வார்டின் அந்தக் கோடியிலிருந்த நர்ஸுகள் திரும்பிப் பார்த்தார்கள். சுலோச்சனா எழப்போய், இந்த முறை இது அவளுடையது என்று நினைத்தாளோ என்னவோ, உட்கார்ந்துவிட்டாள்.

சென்னியப்பனின் திரை கூவியது. நூறு, நூற்றிப் பத்து. டாக்டர் பாய்ந்து பெட்டியைப் பார்த்தார். அணைந்துதான் இருந்தது. பட்டை தட்டில் கிடந்தது. அதைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"இணைப்பு இல்லையே," என்றார். "சார், இது உங்களோடது. படுங்க, ஊசி போட்டு இறக்கிடறேன்."

சென்னியப்பன் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தார். உள்ளே அது ஓங்கி ஓங்கி அடித்தது.

"இறக்காதீங்க டாக்டர்," என்றார். "தாங்குமல்ல? அடிக்கட்டும் விடுங்க."